மலையம்மனுக்கு விருந்தாளிகள்

நவம்பர் கடைசியில் அம்மாவும் நானும் கோஸ் ஊறவைத்தோம். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

ஹகுசாய் கோஸை நான்காகப் பிளந்து வெயிலில் வாட்டி வைத்திருந்தாள். நான் உப்பைத் தேய்த்துக் கொடுத்தேன், அவள் தொட்டியில் அடுக்கினாள். நடுநடுவே கடற்பாசித் துண்டும் காய்ந்த மிளகாயும். மேலே மர மூடி. மூடிமேல் வைக்கும் பெரிய கல்லை அவளால் இப்போது தூக்க முடிவதில்லை. நான் தூக்கி வைத்தேன். மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அந்தச் சின்னக் கல்ல இந்த ஓரத்துல வைடி. சரியாப் போயிடும்."

சின்னக் கல் வழக்கமாக இருக்கும் மாடத்தில் இல்லை.

"எங்கம்மா அது?"

"சுசுனேகிட்ட இருக்கு. காலேஜ் விடுதியில."

"அவ போன பரீட்சையிலேயே பாஸாயிட்டாளே. திருப்பிக் குடுக்கலயா?"

"குடுக்கத்தான் வந்தா. இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கட்டுமா பாட்டின்னு கேட்டா. வச்சுக்கோன்னுட்டேன். புது எடம், பதினாறு வயசு, ராத்திரியில அழுகை வருதாம்." அம்மா கையை உதறினாள். "இது ஊறட்டும். ஒரு டப்பாவுல போட்டுக்கிட்டு நானே ரயிலேறிப் போய் வாங்கியாறேன். அவளையும் பாத்தமாதிரி இருக்கும். இந்த வருஷம் முடிவெட்டுறவர் பொண்ணு தொவா பரீட்சை எழுதுறா. அவளுக்குக் குடுக்கணும்."

"மூடி சாயுதே."

"கோஸுக்குத் தெரியப்போகுதா? உனக்கு ரசமட்டம் வச்சாத்தான் சோறு எறங்கும்."

நான் சுரங்கப்பாதைப் பொறியாளர். சாய்வைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்குக் கடினம். ஆனாலும் அன்று விட்டுவிட்டேன்.

டிசம்பரில் ஒரு காலை, வாசலில் பனி அள்ளும்போது அம்மா விழுந்தாள். மாலைக்குள் போய்விட்டாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது எப்படி என்று மருத்துவர் படம் போட்டு விளக்கினார். எனக்குப் புரிந்தது. புரிந்து ஒன்றும் ஆகவில்லை.

சாவுக்கு வந்தவர்கள், "எத்தனை பேருக்குச் சமைச்சுப் போட்ட கை" என்றார்கள். உண்மைதான். ஆனால் அவள் செய்தது அது மட்டும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவின் பெயர் கினுயோ. கடலோரத்தில் மீன் விற்கும் வீட்டில் பிறந்தவள். படிப்பில் அவளுக்கு ஆசை இருந்ததே இல்லை. அதை மறைக்கவும் மாட்டாள். "பள்ளிக்கூடம் விட்ட மணிதான் நான் கேட்டதுலேயே நல்ல பாட்டு" என்பாள். அப்பா கென்சாகு, மலையைக் குடைகிறவர்களின் மேஸ்திரி. கல்யாணமானதிலிருந்து அவர் போன மலைக்கெல்லாம் அவளும் போனாள். ஆட்கள் தங்கும் கொட்டகையில் சமைத்தாள். ஒரு மலை முடிந்தால் அடுத்த மலை. நானும் பள்ளிக்கூடம் மாறிக்கொண்டே வளர்ந்தேன்.

அந்தக் கொட்டகைகளில் சில விதிகள் உண்டு. சுரங்கத்துக்குள் விசில் அடிக்கக் கூடாது. சாப்பிடும்போது சோற்றின்மேல் சூப்பை ஊற்றக் கூடாது, மலை அப்படியே சரிந்து இறங்கும். பெண் சுரங்கத்துக்குள் வரக் கூடாது. மலையில் இருப்பவள் அம்மன். அழகில்லாதவள், பொறாமைக்காரி. இன்னொரு பெண்ணைக் கண்டால் கூரையை இறக்கிவிடுவாள். அவளைவிட அழகில்லாத ஒன்றைக் காட்டினால் மனம் குளிர்வாள் என்று, முள்ளும் பிளந்த வாயுமாக இருக்கும் ஒகோஸே மீனைக் காயவைத்து வாசல் மாடத்தில் படைப்பார்கள். அந்த மீனை அனுப்புவது அம்மாவின் அண்ணன். அம்மா எல்லா விதியையும் காத்தாள். இருபது வருடம் சுரங்க வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் சமைத்தவள், ஒருமுறைகூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

பதினைந்து வயதில் நான் தொழில்நுட்பக் கல்லூரி விடுதியில் சேர்ந்தேன். ஐந்து வருடப் படிப்பு. கட்டுமானப் பிரிவில் நாற்பது பேர். பெண்கள் மூன்று பேர்: நான், சாதோ தீவிலிருந்து வந்த நட்சுஹோ, எந்நேரமும் தும்மிக்கொண்டிருக்கும் இட்சுகோ. கடைசி வருடத்தில் அப்பாவுக்கு அமாகோ மலையில் வேலை வந்தது. கல்லூரியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அக்டோபரில் எங்கள் வகுப்பை அங்கே அழைத்துப் போனார்கள்.

சுரங்க வாசலில் ஆசிரியர் கஜிகாவா கழுத்தைச் சொறிந்தார்.

"நீங்க மூணு பேரும் சாப்பாட்டுக் கூடத்துல இருங்கம்மா. பசங்க குறிப்பு எடுத்துட்டு வந்து தருவாங்க."

பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். அவர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்துக்குப் பின்னால் அடுப்படி. அம்மா எங்களைப் பார்த்தாள். "என்னடி, அதுக்குள்ள பாத்து முடிச்சாச்சா?"

"உள்ள விடல."

"ஆமா, விடமாட்டாங்க." மழை பெய்தால் நனையும் என்பதுபோலச் சொல்லிவிட்டு, பீன்ஸ் கூடையை எங்கள் முன்னால் வைத்தாள். மூன்று பேரும் நார் உரித்தோம்.

பையன்கள் சேறும் கூச்சலுமாகத் திரும்பி வந்தார்கள். ஒருவன் தோண்டும் முனையின் பாறையை எங்களுக்காக வரைந்து தந்தான். நட்சுஹோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது பாறையா, மோச்சிக் கொழுக்கட்டையா?"

"பாறைதான். நடுவுல ஒரு கோடு இருந்துச்சு. களிமண் மாதிரி."

"எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு?"

"சாஞ்சிருந்துச்சு. எந்தப் பக்கம்னு... நீ கேட்டிருந்தா பாத்திருப்பேன்."

அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இதப் பாத்துத்தான் எழுதப் போறீங்களா?"

"ஆமா."

"நீங்க பாக்காமலே?"

"ஆமாம்மா. வேற என்ன செய்யுறது?"

அரிசி கழுவப் போனவள் பாதியில் நின்றாள். "நானும் பாக்காமலே இருபது வருஷம் ஓட்டிட்டேன். ஆனா எனக்கு யாரும் மார்க் போடல."

கடைசி வருட ஆய்வுக்கு நான் எடுத்திருந்த தலைப்பு, தோண்டத் தோண்ட முனையில் பாறை எப்படி மாறுகிறது என்பது. உள்ளே போகாமல் அதைச் செய்ய முடியாது. புத்தாண்டுக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் தலைப்பை மாற்றி, ஆய்வுக்கூடத்தில் கான்கிரீட் கட்டிகளை நசுக்கும்படி கஜிகாவா சார் சொல்லியிருந்தார். "கான்கிரீட்டும் நல்ல விஷயந்தாம்மா" என்றார். நல்ல மனிதர். எனக்குக் கான்கிரீட் வேண்டாம். பிறந்ததிலிருந்து மலை வாசலில் விளையாடியவள் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வார விடுமுறையில் கொட்டகைக்குப் போனேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றாள் அம்மா, "பொண்ணுங்க உள்ள வந்தா என்ன ஆகும்?"

"ஆளுங்க வெளிய வந்துடுவாங்க."

"அம்மன் கோவிச்சுப்பாளா?"

"அவ கோவிச்சுக்கிட்டா படையல் வச்சு சமாதானம் பண்ணலாம். கும்பெய் கோவிச்சுக்கிட்டா டிரில் பிடிக்க ஆள் கெடையாது." கும்பெய் அந்தக் கூட்டத்திலேயே மூத்தவர். அப்பாவுக்கே தொழில் காட்டியவர்.

"அவர விடுங்க. நீங்க நம்புறீங்களா?"

அப்பா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "போன மலையில ஒருத்தன என் முதுகுல தூக்கிட்டு வெளிய வந்தேன், கினுயோ. அவன் பொண்டாட்டிகிட்ட நாந்தான் போய்ச் சொன்னேன். அதுக்கப்புறம் எதையும் நம்பாம இருக்குற தைரியம் எனக்குப் போயிடுச்சு."

அம்மா அவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். எனக்கு விஷயம் முடிந்துவிட்டதாகத் தோன்றியது.

முடியவில்லை என்று நவம்பரில்தான் தெரிந்தது. டிசம்பர் பன்னிரண்டாம் தேதி எங்கள் பக்கத்தில் மலையம்மனின் நாள். அன்று அவள் தன் மரங்களை எண்ணுகிறாள். மலைக்குள் எவனாவது அகப்பட்டால் அவனையும் ஒரு மரமாக எண்ணிவிடுவாள், பிறகு அவன் திரும்பி வரமாட்டான். அதனால் அன்று ஒரு வேலையும் நடக்காது. ஆண்கள் எல்லாரும் வெளியே உட்கார்ந்து குடிப்பார்கள். விருந்துக்கு என்னென்ன வேண்டும் என்று யோசிக்கும்போதுதான் அம்மாவுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, கூடம் நிறைய ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா சூப் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"பன்னண்டாந்தேதி நீங்க யாரும் உள்ள போகமாட்டீங்கதானே?"

"என்ன கேள்வி மேஸ்திரியம்மா இது? மரமா நிக்கவா?" என்றார் கும்பெய்.

"சரி. மத்த நாள்ல பொம்பளைங்க போகக்கூடாது. அன்னைக்கு ஆம்பளைங்க போகக்கூடாது. அப்ப அன்னைக்கு யார் போகலாம்?"

சாப்பாட்டுக் குச்சிகள் நின்றன. மூலையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"யாரும் போகக்கூடாது," என்றார் கும்பெய்.

"அப்படின்னு யாரு சொன்னா? ஆம்பளைங்க போகக்கூடாதுன்னுதான் நான் கேள்விப்பட்டிருக்கேன். கும்பெய் அண்ணே, வருஷம் பூரா அவ வீட்டுக்குள்ள பூட்ஸ் காலோட பூந்து வெடி வைக்கிறீங்க. அவ விசேஷத்தன்னைக்காவது நாலு பொம்பளைங்க போய், நல்லாயிருக்கியாம்மான்னு ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சு போகும்? அவளுக்கும் பேச ஒரு பொம்பள வேணாமா?"

"பொறாமப்படுவா, மேஸ்திரியம்மா."

"யாரப் பாத்து? என்னையா?"

இப்போது கூடமே சிரித்தது. கும்பெய் சிரிக்கவில்லை.

"ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?"

"அன்னைக்கு உள்ள நீங்க யாரும் இருக்கப் போறதில்ல. ஏதாச்சும் ஆனா எங்களுக்குத்தான் ஆகும்."

கும்பெய் மறுபடி குச்சியை எடுத்தார். வேலைத்தளத்து அலுவலகத் தலைவரை அம்மா முன்பே பார்த்திருந்தாள். பெண்களை உள்ளே வேலை வாங்குவதற்குத்தான் சட்டத்தில் தடை, மாணவிகள் பார்ப்பதற்கு இல்லை, ஆட்கள் ஒத்துக்கொண்டால் தனக்கும் சரி என்று அவர் சொல்லியிருந்தார். ஆட்களில் பாதிப் பேர் தலையை ஆட்டிவிட்டார்கள். மறுத்தது ஒருவர்தான்.

"அந்தப் பேச்சே வேணாம்," என்றார் அப்பா. "எங்க கல்லு தளந்திருக்குன்னு தெரியாம நாலு பொம்பளைங்க தனியா போறதா? அம்மன் விட்டாலும் நான் விடமாட்டேன்."

எழுந்து போய்விட்டார். அம்மா அவர் தட்டை எடுத்தாள். "பாப்போம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

பன்னிரண்டாம் தேதி நல்ல பனி. அப்பா இன்னும் சரி என்று சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் முதல் பஸ்ஸில் நாங்கள் மூவரும் போனோம். எங்கள் அளவுக்குக் கொட்டகையில் பூட்ஸ் கிடையாது. அம்மா தன் ஊர் மீன் சந்தையிலிருந்து மூன்று ஜோடி வரவழைத்திருந்தாள். பளீரென்று வெள்ளை, முழங்கால் உயரம்.

"என்ன மீனு இன்னைக்கு?" என்றான் ஒருவன்.

"வால வெட்டிப் போட்டா நீயே நல்ல மீனுதான்," என்றாள் நட்சுஹோ. தீவுக்காரி, வாய் நிற்காது. சிரிப்பில் கூடம் கொஞ்சம் இளகியது. அதே நட்சுஹோதான் அடுத்த நிமிஷம் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தாள். பஸ்ஸில் வந்த குளிரில், பசியில், வீட்டில் செய்வதுபோல் மிசோ சூப்பை எடுத்துச் சோற்றின்மேல் ஊற்றிவிட்டாள்.

சத்தம் நின்றது. கும்பெய் குச்சியை வைத்துவிட்டு எழுந்தார். அவளுக்கு என்னவென்று புரியவில்லை. கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி விழித்தாள். விதியை முன்கூட்டியே சொல்லி வைக்க எனக்கும் தோன்றவில்லை. எனக்கு அது மூச்சு விடுவதுபோல, யாருக்கும் சொல்லவேண்டியதாகவே படவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து நேராக வந்தாள். கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கினாள். "நல்லவேள பூனைக்குப் பிசைஞ்சு வச்சே, நானே மறந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து பூனையைக் கூப்பிட்டாள். கொட்டகைப் பூனை, தடியன், பனியிலிருந்து ஓடிவந்து முகத்தைக் கிண்ணத்துக்குள் விட்டது. அம்மா நட்சுஹோவுக்கு வேறு கிண்ணத்தில் வெறும் சோறு வைத்தாள்.

எல்லாருக்கும் தெரியும். ஆனால் பூனை தின்றுகொண்டிருந்தது. பூனைச் சோற்றுக்கு விதி கிடையாது. கும்பெய் நின்று பார்த்தார், பூனையைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

பிறகு சுரங்க வாசல். மாடத்தில் விளக்கேற்றி சாகே மது ஊற்றினார்கள். அம்மா காய்ந்த ஒகோஸே மீனைக் கையில் வைத்திருந்தாள். ஆண்கள் எல்லாரும் பத்தடி தள்ளி நின்றார்கள். அப்பா மட்டும் தலைக்கவசத்தோடும் விளக்கோடும் முன்னால் வந்தார்.

"மேஸ்திரி, இன்னைக்கு ஆம்பள போகக்கூடாது," என்றார் கும்பெய்.

"தெரியும்."

"ஒன்ன மரமா எண்ணிடுவா."

"எண்ணட்டும். இதுங்கள தனியா விடமாட்டேன்." அவர் நம்புகிறவர். அது எங்களுக்கு விளையாட்டு நாள் போல இருந்தது, அவருக்கு அப்படி இல்லை.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். மீனைக் கும்பெய் கையில் கொடுத்தாள். சமைக்கும்போது போட்டுக்கொள்ளும் வெள்ளை அங்கியை, முழுக்கை வைத்து முதுகில் முடிச்சுப் போடும் அந்த அங்கியை, கழற்றினாள்.

"கைய நீட்டுங்க."

"என்னடி இது?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்க. பொம்பளைங்க கூட்டத்துல பொம்பளையா வாங்க."

அப்பா நல்ல ஆகிருதி. மீசை வேறு. அங்கி தோளில் பிடித்து, கை முழங்கையோடு நின்றது. முதுகு முடிச்சு எட்டாமல், அம்மா ஒரு சணல் கயிற்றால் கட்டினாள். தன் தலைத்துணியையும் அவிழ்த்து அவர் தலையில் சுற்றி, அதன்மேல் கவசத்தை வைத்தாள். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

"கும்பெய் அண்ணே, அந்த மீன நீங்களே வச்சுக்குங்க. இந்த வருஷம் தேவையில்ல. இவர ஒருதரம் பாத்தாலே அம்மனுக்கு மனசு குளுந்துடும்."

முதலில் இட்சுகோ தும்மினாள். பிறகு கும்பெய் சிரித்தார். நிற்க முடியாமல் பனியில் உட்கார்ந்து சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே விளக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். கும்பெய் காற்று அனுப்பும் விசிறியின் விசைக்குப் பக்கத்தில், உள்ளே பேசும் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, சுரங்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பார்க்காத மாதிரி.

உள்ளே வெளியைவிடக் கதகதப்பாக இருந்தது. இன்றைக்கு வரை எத்தனையோ சுரங்க முனைகளில் நின்றிருக்கிறேன். முதல் முனை அதுதான். நீலம் கலந்த சாம்பல் பாறை. குறுக்கே இரண்டு விரல் அகலத்தில் களிமண் பட்டை. இடதுபக்கம் சாய்ந்திருந்தது. அதை மூன்று கோணத்தில் வரைந்தேன். நட்சுஹோ அளவு நாடாவைப் பிடித்தாள். இட்சுகோ சொட்டும் தண்ணீரைப் புட்டியில் பிடித்தாள். அப்பா சுண்ணக்கட்டியால், "இங்க நிக்காத, இங்க நில்லு" என்று தரையில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். சமையல் அங்கியில்.

அம்மா பாறையில் உள்ளங்கையை வைத்தாள். "நல்லாயிருக்கியாம்மா" என்று உண்மையாகவே கேட்டாள். வெளியே சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டுமே. பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"இதுக்குள்ளயாங்க இத்தன வருஷமா இருந்தீங்க?"

"ஆமா."

"ஒரே இருட்டு."

"வெளக்கு இருக்கே."

அம்மா அவர் கையிலிருந்த விளக்கை வாங்கித் தானே பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும் வரைக்கும் கொடுக்கவில்லை.

வெளியே வந்தபோது கும்பெய் திரும்பிப் பார்க்காமலே எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அஞ்சாவதா ஒரு அக்கா வருதே, மீசையோட." சாகே கோப்பையை நீட்டினார்.

புத்தாண்டு கழிந்து வேலை தொடங்கிய வாரத்தில் கூரையிலிருந்து கொஞ்சம் கல் உதிர்ந்தது. யாருக்கும் அடி இல்லை. அரை நாள் வேலை நின்றது. கொட்டகையில் முணுமுணுத்தார்கள். அன்று தலை நிமிராமல் பரிமாறியதாக அம்மா பிறகு சொன்னாள். பேச்சை வெட்டியவர் கும்பெய்தான்.

"போன மாசமும் உதிந்துச்சு. அதுக்கு முந்துன மாசமும் உதிந்துச்சு. இதுக்குப் பொண்ணுங்கள சொன்னா, அதுக்கெல்லாம் யாரச் சொல்றது? என்னையா?" சூப்பை உறிஞ்சினார். "மேஸ்திரி பொண்ணு வந்து எழுதிக்கட்டும். ஆனா ஒண்ணு. அவ வர்ற நாள்ல எல்லாம் மேஸ்திரி அந்த அங்கியப் போட்டுக்கணும். அதுல விட்டுக்குடுக்க முடியாது."

குளிர்காலம் முழுவதும் நான் வாராவாரம் போனேன். வாராவாரம் அப்பா அங்கி போட்டுக்கொண்டார். அம்மா அவருக்கென்றே தோளில் துணி சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள். கஜிகாவா சார் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, ஏதோ பாதுகாப்பு உடை என்று நினைத்து மரியாதையாக விசாரித்தார். அப்பா, "ஆமாங்க, இங்க ரொம்ப முக்கியம்" என்றார்.

நான் படித்து முடித்தேன். கான்கிரீட் நசுக்காமல்.

அடுத்த கோடையில் இரு பக்கமிருந்தும் தோண்டியவர்கள் நடுவில் சந்தித்தார்கள். கடைசியாக உடைந்து விழும் அந்தப் பாறைத் துண்டு ராசியானது. குறுக்கே நின்றதைத் துளைத்துவிட்டது அல்லவா. பிரசவத்துக்கும் பரீட்சைக்கும் கையில் வைத்துக்கொள்வார்கள். ஆட்கள் ஆளுக்கொன்று பொறுக்கி மருமகளுக்கும் மகளுக்கும் எடுத்துப் போவார்கள். கும்பெய் ஒரு கையளவு துண்டைத் துடைத்து அம்மாவிடம் கொடுத்தார். அதில் அந்தக் களிமண் பட்டையின் கோடு இருக்கிறது.

"என் வீட்டுல இனிமே பிரசவம் இல்ல. வெள்ளை பூட்ஸ் பொண்ணுங்க இன்னும் வருவாங்கல்ல, அவங்களுக்கு வச்சுக்கோங்க."

அமாகோ மலைக்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் வேறு மலைக்குப் போகவில்லை. அடிவாரத்து ஊரிலேயே தங்கிவிட்டார்கள். வருடாவருடம் அந்த ஊரில் எந்தப் பெண் தொழில்நுட்பக் கல்லூரித் தேர்வு எழுதுகிறாள் என்று அம்மா விசாரித்து வைப்பாள். விசாரிப்பது மீன் கடையில், முடிவெட்டும் கடையில், தபால் அலுவலகத்தில். தெரிந்ததும் கல்லைத் துணியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கே போவாள். பாடம் ஒன்றும் சொல்லிக்கொடுக்கமாட்டாள். தெரியாது. "இது மலையத் தொளச்ச கல்லு. வச்சுக்கோ. பாஸானாலும் சரி, பெயிலானாலும் சரி, நீயே எடுத்துட்டு வந்து குடுக்கணும். சாப்பிட்டுட்டுப் போகணும்." அவ்வளவுதான் அவள் நிபந்தனை.

பொறியியல் ஆம்பளைப் படிப்பு என்று எந்த வீட்டிலாவது தகப்பன் முனகினால், அப்பாவை அனுப்புவாள். மீசைக்கார மேஸ்திரி வந்து கூடத்தில் உட்கார்ந்து, "என் பொண்ணு எடுத்துச்சு. ஒண்ணும் ஆகல. மலை நிக்குது" என்பார். டிரில் சத்தத்தில் காது போனவர். எதிராளி சொல்வது கேட்காததால் அவரோடு யாராலும் வாதாட முடியாது.

சிலர் பாஸானார்கள். சிலர் ஆகவில்லை. கல்லால் பாஸானதாக எங்களில் யாரும் நினைக்கவில்லை, அம்மா உட்பட. ஒருத்தி பெயிலாகி நர்ஸ் ஆனாள். அம்மா விழுந்த அன்று ஆம்புலன்ஸில் வந்தது அவள்தான். நட்சுஹோ அணைக்கட்டுகளைச் சோதிக்கிறாள். இட்சுகோ கல்லூரியில் எங்கள் பிரிவிலேயே ஆசிரியை. அங்கே இப்போது சின்ன அளவு பூட்ஸ் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. வெள்ளை இல்லை, மஞ்சள். நான் போகிற சுரங்கங்களில் பெண் வந்திருக்கிறாள் என்று யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. சில இடங்களில் வாசல் மாடத்தில் ஒகோஸே மீன் இன்னும் இருக்கிறது. நானும் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

தேர்வு முடிந்து அடுத்த குளிர்காலம் வரைக்கும் கல் சும்மா இருக்காது. ஊறுகாய்த் தொட்டி மூடியில், சாய்கிற ஓரத்தில் இருக்கும். "ராசியான கல்ல இப்படிப் பண்றியேம்மா" என்றால், "அதுக்கும் ஒரு வேல வேணாமா?" என்பாள்.

இப்போது ஜனவரி. விடுப்பு எடுத்து அப்பாவோடு இருக்கிறேன். நேற்றுத் தொட்டியைத் திறந்தோம். மூடி சாய்ந்தபடியே இருந்தது. ஒரு பக்கத்துக் கோஸ் நன்றாக ஊறியிருந்தது, மறுபக்கம் தண்ணீருக்கு மேலே நின்று காய்ந்திருந்தது. ஊறிய பக்கத்திலிருந்து எடுத்து வெட்டினேன். அப்பா சாப்பிட்டார்.

"உப்பு சரியா இருக்கு," என்றார் சத்தமாக. அவருக்கு எல்லாமே சத்தம்தான். "உங்கம்மா ஒரு டப்பா எடுத்து வைக்கணும்னு சொன்னா. யாருக்கோ."

"சுசுனேவுக்குப்பா. விடுதிக்கு. கல்ல வாங்கிட்டு வரணும்னு சொன்னா."

"என்ன?"

"கல்லு! தொவாவுக்குக் குடுக்கணும்!"

"ஆமா, தொவா. நேத்து முடிவெட்டப் போனேன். அந்தப் பொண்ணு துண்டு எடுத்துக் குடுத்துச்சு. என் மூஞ்சியவே பாத்துச்சு. ஒண்ணும் கேக்கல."

"நாம போயிட்டு வரலாம்பா. ரயில்ல."

"நீ போ. பொண்ணுங்க விடுதி. என்ன உள்ள விடமாட்டாங்க."

நான் எழுந்துபோய், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் தொங்கிய அங்கியை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். தோளில் துணி சேர்த்துத் தைத்தது. அப்பா அதைப் பார்த்தார். முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அழுகையும் சிரிப்பும், இரண்டும்தான்.

டப்பா அலமாரியில் கழுவிக் கவிழ்த்து இருக்கிறது. அதைக் கட்ட, அம்மா ஒரு ஊதாத் துணியை மடித்துப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். கோஸ் ஊறிவிட்டது. கல் இன்னும் விடுதியில். தொவாவுக்குத் தேர்வு பிப்ரவரியில்.